மேனேஜரிடம் தப்பென்று யார் சொல்வது?

ஒரு மேனேஜர் நல்ல தலைவராக வளர்வாரா மாட்டாரா என்று தெரிந்துகொள்ள நான் பார்ப்பது ஒன்றைத்தான். அவர் தப்புப் பண்ணும்போது அதை அவரிடம் யார் சொல்கிறார்கள், எந்த வழியாகச் சொல்கிறார்கள் என்பது. எம்பிஏ, லீடர்ஷிப் டிரெயினிங், சுவரில் மாட்டிய சான்றிதழ் எல்லாம் அப்புறம். தன் தப்பு தன் காதுக்கு வந்து சேராத ஆள் எத்தனை வருஷம் வேலை செய்தாலும் முதல் வருஷம் எப்படி இருந்தாரோ அப்படியேதான் இருப்பார், சத்தம் மட்டும் கூடியிருக்கும். அந்தச் செய்தி எந்த வாசல் வழியாக அவரிடம் வரலாம், எந்த வாசல் வழியாக வரவே கூடாது என்பதை அந்த ஊர்ப் பழக்கவழக்கம்தான் முடிவு செய்கிறது. பண்பாடு மேனேஜர்களை உருவாக்குகிறது என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அதற்கு என் அனுபவத்தில் இதுதான் அர்த்தம்.

நான் சத்தியவேடு பக்கத்துக்காரன். 1960 ஏப்ரல் 1 அன்று எல்லையைத் திருத்தியபோது திருத்தணி மெட்ராஸ் மாநிலத்துக்குப் போனது, எங்கள் பக்கத்து ஊர்கள் ஆந்திராவுக்கு வந்தன. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் இரண்டும் கலந்து. விவசாயமும் மாடும் மாந்தோப்பும்தான் என்றிருந்த இந்தப் பக்கத்தில், சென்னைக்கு வடக்கே 55 கிலோமீட்டரில், 2008ல் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை வந்தது. ஜப்பான், கொரியா, தைவான், அமெரிக்கா, ஐரோப்பா என்று பல நாட்டுக் கம்பெனிகள். விடியற்காலை ஐந்தரைக்குத் தடா ரோட்டில் நின்றால் வரிசையாகக் கம்பெனி பஸ் போகும், ஒவ்வொன்றிலும் கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, சூலூர்பேட்டை, வரதையபாளையம் பக்கத்துப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டு போவார்கள். ஒரே லைனில் தமிழ்ப் பையன், தெலுங்குப் பெண், ஒடிசாவிலிருந்து வந்த காண்ட்ராக்ட் ஆள், அவர்களுக்கு மேலே ஒரு ஜப்பானிய ஆலோசகர். மேனேஜர் என்ற ஒரே வேலைக்கு எத்தனை விதமான எதிர்பார்ப்பு இருக்க முடியும் என்பதை இங்கே ஒரு ஷிஃப்ட் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

என் கதையையே சொல்கிறேன். சில வருஷம் முன்னால், அப்போது நான் வேலை பார்த்த கம்பெனியில், ஷிஃப்ட் இன்சார்ஜாக இருந்தேன். வெல்டிங் ஃபிக்சரில் பாகத்தைப் பிடித்து நிறுத்தும் பின் தேய்ந்துபோயிருந்தது, பாகம் ஒரு நூலளவு நகர்ந்து உட்கார்ந்தது. லைன் லீடர் பையனுக்கு அது மூன்று நாளாகத் தெரியும். ஒருமுறை என்னிடம் வந்து, "சார், அந்த ஃபிக்சர ஒரு தடவ பாத்துக்கலாமா" என்று கேட்டான். மாத முடிவு, டார்கெட் பாக்கி, "மொதல்ல நம்பர முடி, அப்புறம் பாப்போம்" என்றேன். "சரி சார்" என்று போய்விட்டான். சரக்கு கஸ்டமரிடம் போய்த் திரும்பி வந்தபோது ஜப்பானிய ஆலோசகர் லைனுக்கே வந்து நின்று, இது யாருக்கு முன்னமே தெரியும் என்று மெதுவாகக் கேட்டார். பதினான்கு பேர் நின்றோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. பையன் தரையைப் பார்த்தான், நான் பையனைப் பார்த்தேன். அவன் சொல்லியிருந்தான் என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது இன்னமும் எனக்கு உறுத்துகிறது.

நாலு நாள் கழித்து ராத்திரி சோறு போடும்போது என் மனைவி கேட்டாள், "உங்க லைன் பசங்க உங்ககிட்ட வாயத் தொறக்கவே பயப்படறாங்களாமே?" அந்தப் பையனின் அத்தை எங்கள் தெருவில் இருக்கிறார். பையன் அம்மாவிடம் சொல்லி, அம்மா அத்தையிடம் சொல்லி, அத்தை பால் வாங்கும்போது என் மனைவியிடம் சொல்லி, அது என் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆலோசகர் நேராகக் கேட்டும் கிடைக்காத பதில், கம்பெனி எச்ஆர் வருஷா வருஷம் ஃபாரம் கொடுத்தும் கிடைக்காத பதில், மூன்று பெண்கள் கை மாறி வந்தது. நான் மேனேஜராக உருப்படியாகக் கற்ற முதல் பாடம் அதுதான், அது கம்பெனிக்கு வெளியே நடந்தது.

"சரி" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வாயில் அதற்குக் குறைந்தது நாலு அர்த்தம் உண்டு. ஒப்புக்கொள்கிறேன் என்பது ஒன்று. கேட்டுவிட்டது என்பது இன்னொன்று. இதற்கு மேல் பேசிப் பிரயோஜனமில்லை என்பது மூன்றாவது. நீங்கள் பெரியவர், விட்டுவிடுகிறேன் என்பது நாலாவது. தெலுங்குக்காரர்களின் "சரே சார்" அதே ஜாதகம்தான். ஜப்பானியர்களின் "ஹாய்" கூட ஆமாம் என்ற அர்த்தத்தைவிடக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற அர்த்தத்தில்தான் பாதி நேரம் வரும். எந்த "சரி" எது என்று குரலை வைத்தே பிரிக்கத் தெரிந்தவர் இங்கே பாதி மேனேஜர். தெரியாமல் எல்லாச் சரியையும் ஒப்புதலாக எழுதிக்கொள்பவர் என்ன படித்திருந்தாலும் மாட்டிக்கொள்வார்.

இதை எண்ணில் அளந்து பார்த்தவர்களில் பேர் போனவர் நெதர்லாந்தின் ஹெர்ட் ஹாஃப்ஸ்டெட். 1967க்கும் 1973க்கும் நடுவில் ஐபிஎம் கம்பெனியின் பல நாட்டு ஊழியர்களிடம் 1,16,000க்கும் மேற்பட்ட கேள்வித்தாள்கள் வாங்கப்பட்டிருந்தன, அவற்றை அலசி 1980ல் வெளியிட்டார். அவர் அளந்ததில் ஒன்று அதிகார இடைவெளி, அதாவது மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் நடுவில் உள்ள தூரத்தை ஜனங்கள் எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது. எண் பெரிதானால் தூரமும் அதிகம்: இந்தியாவுக்கு 77, ஜப்பானுக்கு 54, அமெரிக்காவுக்கு 40, ஆஸ்திரியாவுக்கு 11, மலேசியாவுக்கு 104. இந்த எண்களைப் பார்த்துவிட்டு, எங்கள் ஆலோசகரின் கேள்விக்கு ஏன் பதினான்கு பேரும் வாயை மூடினோம் என்று யோசித்தால் பாதி விளங்கும். 54ல் வளர்ந்தவர் 77ல் வளர்ந்தவர்களிடம், அதுவும் அவர்கள் இன்சார்ஜை வைத்துக்கொண்டே, நேருக்கு நேர் கேட்டார்.

மீதிப் பாதி அந்த எண்ணுக்குள் இல்லை. ஐபிஎம்மில் வேலை பார்த்த இந்தியர்கள் வேறு, சத்தியவேடு ஐடிஐயில் ஃபிட்டர் படித்த பையன் வேறு. ஒரு நாட்டுக்கு ஒரு எண் என்பதையே பலர் கேள்வி கேட்டிருக்கிறார்கள், அது நியாயமான கேள்வி. எங்கள் பக்கம் தூரத்தைத் தீர்மானிப்பது பதவி மட்டும் இல்லை. ஊரில் தெரு எப்படிப் பிரிந்திருக்கிறதோ அதே கோடு யூனிஃபார்முக்கு அடியிலும் ஓடுகிறது. காலனியிலிருந்து வரும் ஆபரேட்டர் ஊர்த்தெருவிலிருந்து வரும் சூப்பர்வைசரிடம் "இது தப்பு" என்று சொல்வதற்கு எவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது என்பதை 77 என்ற எண் காட்டாது. பயிற்சி வகுப்பில் யாரும் இதைப் பேசுவதும் இல்லை. "அவன் கொஞ்சம் ரிசர்வ்டு டைப்" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒருவன் பேசாமல் இருப்பதை அவன் குணம் என்று எழுதுவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது, ஏனென்றால் அந்த எழுத்துதான் பிறகு அவன் லைன் லீடர் ஆக முடியாமல் போவதற்குக் காரணமாகிறது.

இன்னொரு ஆராய்ச்சி உண்டு. ராபர்ட் ஹவுஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990களில் தொடங்கிய குளோப் ஆய்வு. 62 சமூகங்களில் சுமார் 17,000 நடுத்தர மேனேஜர்களிடம் கேட்டு 2004ல் முழுத் தொகுப்பாக வந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று, ஒவ்வொரு விஷயத்தையும் இரண்டு விதமாகக் கேட்டார்கள்: இப்போது எப்படி இருக்கிறது, எப்படி இருக்க வேண்டும். அதிகார இடைவெளி இப்போது எப்படி இருக்கிறது என்பதற்கு உலகச் சராசரி 7க்கு 5ஐத் தாண்டியது. எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 3க்கும் கீழே. அதாவது அந்தத் தூரத்தை யாரும் ஆசைப்பட்டு வைத்திருக்கவில்லை, அதற்குள் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். "நம்ம ஆளுங்களுக்கு அதட்டினாதான் வேலை ஓடும், அது நம்ம கல்ச்சர்" என்று சொல்லும் சீனியர்கள் எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த இரண்டு எண்களையும் நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அதே போல, தமிழ்த் தொழிலாளிப் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் மூணாறைக் காட்டுவேன். 2015 செப்டம்பரில் அங்கே தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், 20 சதவீத போனஸ் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். கம்பெனியை மட்டும் இல்லை, தங்கள் பேரில் இத்தனை வருஷம் பேசிவந்த யூனியன் தலைவர்களையும் கிட்டே சேர்க்கவில்லை. ஒன்பது நாளில் கேட்டது கிடைத்தது. பேசத் தெரியாதவர்கள் ஒன்பது நாளில் பேசக் கற்றுக்கொண்டுவிட மாட்டார்கள். சொல்வதற்கு வழி அடைபட்டிருந்தது, அவர்கள் ரோட்டையே வழியாக்கிக்கொண்டார்கள். வழி முன்பே திறந்திருந்தால் ரோட்டுக்கு வந்திருக்க வேண்டியதே இல்லை என்று எனக்குத் தோன்றும்.

சரி, மற்ற ஊர்க்காரர்கள் இந்த வழியை எப்படி வைத்திருக்கிறார்கள்? ஜப்பானியர்களும் முகத்துக்கு நேரே சொல்கிறவர்கள் இல்லை, அவர்களும் சுற்றி வளைப்பவர்கள்தான், ஆனால் அந்தச் சுற்று வழியை ஒழுங்காகப் போட்டு வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்து சேர்ந்து குடிக்கப் போகும்போது, இன்று பதவி மரியாதை வேண்டாம் என்று பெரியவரே அறிவிக்கும் வழக்கம் ஒன்று உண்டு, புரேய்கோ என்பார்கள். அதற்கும் எல்லை உண்டு, ஆனால் கொஞ்சமாவது உண்மை வெளியே வரும். கூட்டத்துக்கு முன்னமே ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசிவிடுவது இன்னொன்று, நெமவாஷி என்று சொல்வார்கள், செடியைப் பிடுங்கி நடுவதற்கு முன் வேரைச் சுற்றிப் பதப்படுத்துவது என்று அர்த்தம். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டுவது அதனால்தான், சண்டை எல்லாம் முன்னமே முடிந்திருக்கும்.

எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் சுவரில் எழுதியிருக்கும் ஹோ-ரென்-சோ கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தகவல் சொல், தொடர்பில் இரு, கலந்து பேசு என்ற மூன்று ஜப்பானியச் சொற்களின் சுருக்கம் அது. நம் ஆட்களுக்கு அதைக் கடமையாகச் சொல்லித்தருகிறார்கள்: கீழே இருப்பவன் மேலே இருப்பவனுக்கு ஒழுங்காக ரிப்போர்ட் பண்ண வேண்டும், பண்ணாவிட்டால் மெமோ. ஆனால் 1982ல் இதை ஜப்பானில் பரப்பிய யாமாசாகி தோமிஜி என்ற கம்பெனித் தலைவர் நினைத்தது தலைகீழ். கீழே இருப்பவர்கள் பிடிக்காத செய்தியைக்கூட மேலே கொண்டுவரும் அளவுக்கு இடத்தைக் காற்றோட்டமாக வைப்பது மேலே இருப்பவரின் வேலை என்பதுதான் அவர் யோசனை. எல்லை தாண்டி இங்கே வந்தபோது சொல் வந்துவிட்டது, பொறுப்பு மட்டும் மேலிருந்து கீழே இறங்கிவிட்டது. ஒரு பண்பாட்டுப் பழக்கம் இன்னொரு ஊருக்குப் போகும்போது அங்கே ஏற்கெனவே இருக்கும் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடிதான் ஓடும், தண்ணீர் மாதிரி.

அண்டோன் கயிறும் அதே கதை. கோளாறு கண்டால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உதவி கூப்பிடலாம், தேவைப்பட்டால் லைன் நிற்கும் என்பது டொயோட்டா முறை. இங்கே கயிறு உண்டு, விளக்கு உண்டு. இழுத்தவன் பக்கத்தில் சூப்பர்வைசர் ஓடி வந்து முதலில் என்ன சொல்கிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. "என்னப்பா, என்ன ஆச்சு" என்றால் மறுநாளும் இழுப்பான். "எதுக்குடா நிறுத்துன" என்றால் அந்தக் கயிறு அதோடு அலங்காரம்தான்.

ஜப்பானிய முறை நம் மண்ணில் வேரே பிடிக்காது என்றும் சொல்ல முடியாது. சென்னை பாடியில் டிவிஎஸ் குழுமத்தைச் சேர்ந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கும் டெமிங் விருதை 1998ல் வாங்கியது, இந்தியாவிலேயே முதல் கம்பெனி. ஜப்பானியப் பேராசிரியர் சுடா அந்தக் கம்பெனிக்கு வருஷக்கணக்காக ஆலோசனை சொன்னவர். என் அபிப்பிராயம் என்னவென்றால், மதுரையில் டிவிஎஸ் தொடங்கிய காலத்திலிருந்தே தொழிலாளியின் குடும்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் அங்கே இருந்தது, ஜப்பானிய ஒழுங்கு அந்தப் பழக்கத்தின் மேல் போய் உட்கார்ந்தது. வெறும் தரையில் உட்காரவில்லை.

அமெரிக்க வழி வேறு. நேராகச் சொல், எழுதிக் கொடு, பேர் போடாமல் எல்லாரும் மார்க் போடு. மேலே, கீழே, பக்கத்தில் என்று எல்லாரிடமும் ஒருவரைப் பற்றிக் கேட்கும் 360 டிகிரி ஃபாரம் இங்கேயும் வந்தது. எனக்கும் வந்தது. ஃபிக்சர் விஷயம் நடந்த அதே வருஷம் என் கீழே வேலை செய்தவர்கள் எல்லாரும் எனக்கு 5க்கு 5 போட்டிருந்தார்கள். பேர் இல்லை என்றாலும் எட்டு பேர் இருக்கும் லைனில் யார் எழுதியது என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? அதைவிட முக்கியமாக, எழுத்தில் ஒருவரைக் குறை சொல்வது எங்கள் பக்கம் புகார் கொடுப்பதற்குச் சமம், போலீஸ் ஸ்டேஷன் போகிற மாதிரி. வாயால் சொல்வதற்கு ஒரு கனம், எழுத்துக்கு வேறு கனம். அமெரிக்காவில் வளர்ந்தவருக்கு அந்த ஃபாரம் உதவியாகத் தெரியலாம், எங்கள் லைன் பெண்ணுக்கு அது துரோகமாகத் தெரியும்.

நம் நாட்டில் இதை யோசித்தவர்கள் இல்லாமல் இல்லை. அகமதாபாத் ஐஐஎம்மின் உதய் பரீக்கும் டி.வி. ராவும் 1975 வாக்கில் எல் அண்ட் டி கம்பெனிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, சம்பள உயர்வுக்கு மார்க் போடுவதும் ஆளை வளர்ப்பதற்காக உட்கார்ந்து பேசுவதும் ஒன்றாகக் கிடக்கக் கூடாது, வளர்ப்பதற்கென்று தனி அமைப்பு வேண்டும் என்று சொன்னார்கள். ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. இன்னும் நான் பார்க்கும் இடங்களில் இரண்டும் ஒரே மேஜையில், ஒரே அரைமணி நேரத்தில், மார்ச் மாதக் கடைசியில்தான் நடக்கின்றன. சம்பளம் பேசும் மேஜையில் யார் உண்மையைச் சொல்வார்கள்?

இன்னொரு ஆய்வு எனக்குக் கண் திறந்தது. மிசுமி ஜியூஜி என்ற ஜப்பானியப் பேராசிரியர், தலைவருக்கு இரண்டு வேலை என்றார்: காரியத்தை முடிக்க வைப்பது, கூட்டத்தைச் சிதறாமல் பேணுவது. பிரிட்டனின் பீட்டர் ஸ்மித்தும் அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து 1989ல் பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான், ஹாங்காங் நாலு இடத்துத் தொழிலாளர்களை ஒப்பிட்டார்கள். இரண்டு வேலையும் எல்லா ஊரிலும் உண்டு, ஆனால் எந்தச் செயல் பேணுவதாகக் கணக்கில் சேரும் என்பது ஊருக்கு ஊர் மாறியது. கீழே இருப்பவருக்கு வீட்டில் கஷ்டம் என்று தெரிந்து, அவர் இல்லாதபோது அதைப் பற்றி மற்ற ஊழியர்களிடம் மேலாளர் பேசுகிறார். ஜப்பானிலும் ஹாங்காங்கிலும் அது அக்கறை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அது அத்துமீறல். எங்கள் லைனில் ஒருவன் மூன்று நாளாக முகம் வாடி இருந்தால், அவனைக் கூப்பிட்டுக் கேட்பதற்கு முன் அவன் சிநேகிதனிடம் "என்னாப்பா, வீட்ல ஏதாவதா" என்று கேட்பதுதான் முறை. நேராகக் கேட்டால் "ஒண்ணுமில்ல சார்" என்பான். இது இங்கிதம், ஆனால் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இதைத் திறமை என்று நான் பார்த்ததில்லை. எங்களுக்கு வந்த புத்தகங்கள் வேறு ஊரில் எழுதப்பட்டவை.

இங்கே மேனேஜர் உருவாகும் இடத்தில் மிகவும் வலிக்கும் புள்ளி முதல் பதவி உயர்வு. நேற்று வரை ஆபரேட்டர், எல்லாரும் "மச்சான்", "டேய்", தெலுங்குப் பையன்கள் "அரே பாவா". இன்று லைன் லீடர். மறுநாள் கேன்டீனில் தட்டை எடுத்துக்கொண்டு போய் வழக்கமான மேஜையில் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். ஒருவன் "சார்" என்பான், பாதி கிண்டல் பாதி நிஜம். மேலே இருக்கும் சூப்பர்வைசர் மேஜையிலும் இடம் கிடையாது. அந்த வாரத்தில்தான் அந்தப் பையன் எப்படிப்பட்ட தலைவன் ஆவான் என்பது கிட்டத்தட்ட முடிவாகிவிடுகிறது, அந்த வாரத்தில்தான் யாருமே அவனோடு இருப்பதில்லை. ஜப்பானில் சென்பாய் என்று ஒரு மூத்தவர் ஒட்டியே இருப்பார். இங்கே இவனுக்குத் தெரிந்த அதிகாரம் என்பது அவனை முன்பு அதட்டிய சூப்பர்வைசர்தான், அவரையே எடுத்துக்கொள்கிறான். ஆறு மாதத்தில் அதே குரல், அதே கை நீட்டல். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

பாட்னாவின் ஜே.பி.பி. சின்ஹா இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தார். 1980ல் அவர் சொன்னது, இந்தியத் தொழிலாளி தன் மேலாளரிடம் ஒரு குடும்பப் பெரியவரை எதிர்பார்க்கிறான், எடுத்த எடுப்பில் "வாங்க எல்லாரும் சமமா உக்காந்து முடிவு பண்ணலாம்" என்றால் அவனுக்குத் திக்குத் தெரியாது, சர்வாதிகாரமும் வேலைக்கு ஆகாது. பாசமும் காட்ட வேண்டும், அந்தப் பாசம் வேலையைச் செய்வதோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆள் தேறத் தேற மேலாளர் பிடியைத் தளர்த்தி, சேர்ந்து முடிவெடுக்கும் நிலைக்கு அவனைக் கொண்டுபோக வேண்டும். இந்தக் கடைசி வரியைத்தான் நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். "நான் அவங்களுக்கு அப்பா மாதிரி" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளை வளர்ந்தபிறகும் கையைப் பிடித்தே நடத்துவது வளர்ப்பு இல்லை.

கையை எப்போது விடுவது என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு, எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் எங்கள் ஊர் மாடியில் நின்றே பார்ப்போம். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்எல்வி-3 முதல் முயற்சி தோற்றுக் கடலில் விழுந்தது. திட்டத்தின் தலைவர் அப்துல் கலாம், ஆனால் பத்திரிகைக்காரர்கள் முன்னால் போய்ப் பொறுப்பை ஏற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். 1980 ஜூலை 18ல் வெற்றி கிடைத்தபோது, நீ போய்ப் பேசு என்று கலாமை அனுப்பினார். இதைப் பெருந்தன்மை என்று சொல்கிறோம். எனக்கு இதில் அதைவிடப் பெரிதாகத் தெரிவது ஒரு வளர்ப்பு முறை. நாலு பேர் முன்னால் தலைகுனிவது என்பது நம் ஊரில் ஆளை உள்ளே உடைத்துவிடும், அப்புறம் அவன் ரிஸ்க் எடுக்கவே மாட்டான். அந்த அடியை மேலே இருப்பவர் வாங்கிக்கொண்டதால் கீழே இருந்தவருக்கு அடுத்த முயற்சிக்குத் தெம்பு இருந்தது. பதினான்கு பேர் முன்னால் என் லைன் லீடருக்கு நான் செய்யத் தவறியது இதுதான்.

பெண்கள் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஸ்ரீசிட்டியில் பல லைன்களில் பாதிக்கு மேல் இருபது வயசுப் பெண்கள். அவர்கள் சூப்பர்வைசரிடம் பேச மாட்டார்கள், லைனில் மூத்த பெண்ணிடம், "அக்கா"விடம், எல்லாவற்றையும் சொல்வார்கள். மெஷின் சத்தம் மாறியது, ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லை, புதுசாக வந்த இன்சார்ஜ் பேசுகிற விதம் பிடிக்கவில்லை, எல்லாம். தொழிற்சாலையில் உண்மை அதிகம் வந்து சேரும் ஆள் அந்த அக்காதான். பதவி உயர்வு என்று வரும்போது "அதட்டத் தெரியாது, ரொம்ப சாஃப்ட்" என்று அவரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தலைவர் என்றால் சத்தம் என்று நாம் வைத்திருக்கும் படத்தால் வரும் நஷ்டம் இது. நான் இப்போது இருக்கும் இடத்தில் போராடி இரண்டு அக்காக்களை சூப்பர்வைசர் ஆக்கினேன். அந்த லைன்களில் கோளாறு நடக்கும் முன்னால் தகவல் வருகிறது.

நம் மொழியில் இடித்துரைத்தல் என்று ஒரு சொல் இருக்கிறது. உரிமையோடு தப்பை எடுத்துச் சொல்வது. அந்த உரிமை எல்லாருக்கும் கிடையாது, உறவில் அதற்கென்று ஆள் உண்டு. எங்கள் அப்பாவை யாரும் எதிர்த்துப் பேச முடியாது, ஆனால் என் தாய்மாமன் வந்து திண்ணையில் உட்கார்ந்து, "என்ன மச்சான், இப்படிப் பண்ணிட்டீங்க" என்றால் அப்பா கேட்டுக்கொள்வார். தெலுங்கு வீடுகளில் மேனமாமாவுக்கும் அதே இடம். அந்த வீட்டில் அதிகாரம் எதுவும் இல்லாதவர், சொத்தில் பங்கு இல்லாதவர், அதனால்தான் அவர் பேச்சு எடுபடுகிறது. பண்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பதைவிட அதற்குள்ளேயே இருக்கும் இந்த நாற்காலியைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்து போடுவது நடக்கக்கூடிய காரியம் என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். டூல் ரூமில் முப்பது வருஷம் வேலை செய்து ரிட்டயர் ஆனவர், வாரம் மூன்று நாள் வருகிறார். யாருக்கும் அவர் மார்க் போடுவதில்லை, யாருக்கும் மேலே இல்லை, கீழேயும் இல்லை. தமிழும் தெலுங்கும் ஒரே மாதிரி பேசுவார், காலனிப் பையனையும் "வாப்பா, உக்காரு" என்பார், ஜிஎம்மையும் "வாங்க, உக்காருங்க" என்பார். அவர் மேஜைப் பக்கம் டீ வைக்க ஏற்பாடு செய்தேன், அவ்வளவுதான் நான் செய்தது. புதிதாக லைன் லீடர் ஆகிறவர்களை முதல் வாரம் சாப்பாட்டு நேரத்தில் அவரோடு உட்காரச் சொல்கிறேன், கேன்டீனில் அவர்களுக்கு எந்த மேஜையிலும் இடமில்லாத வாரம் அது. "என்ன பிரச்சினை" என்று அவர் கேட்பதே இல்லை. "புதுசா ஒருத்தன் நாளைக்கு இந்த மெஷினுக்கு வந்தா எங்க மாட்டிக்குவான்?" என்று கேட்பார். குறை சொல்லச் சொன்னால் வாயடைத்துப்போகிறவர்கள் அடுத்தவனுக்கு வழி சொல்லச் சொன்னால் அரைமணி நேரம் பேசுகிறார்கள்.

போன மாதம் நெல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன், டிரெயினி இன்ஜினியர், சேர்ந்தான். அவனையும் அங்கே உட்கார வைத்தேன். ஐந்தாம் நாள் என் கேபினுக்கு வந்து கதவருகே நின்றான். "சார், டூல் ரூம் பெரியவர் உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னார்."

"சொல்லு."

"காலை மீட்டிங்ல நீங்க முதல்ல பேசிடறீங்களாம். அப்புறம் யாரும் பேசறதில்லயாம்."

உட்காரச் சொன்னேன். இப்போது காலை மீட்டிங்கில் லைன் லீடர்கள் ஆறு பேரும் பேசி முடித்த பிறகுதான் நான் பேசுகிறேன். முதல் மூன்று நாள் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், பொறுத்துக்கொண்டேன். நாலாம் நாள் மூன்றாவது லைன் அக்கா, "சார், எங்க லைன் ஃபிக்சர்ல பின்னு தேய ஆரம்பிச்சிருக்கு" என்றார். அன்றைக்கே மாற்றினோம்.